மந்தைக்குத் தாயாகும் பெட்டைக்குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் காட்டில் கன்னி இன வெள்ளாடு வளர்ப்பவர்களிடம், இந்த ஆண்டு எந்தப் பெட்டைக்குட்டிகளை மந்தைக்கென்று வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டால், விற்றது போக நின்றவை என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். வியாபாரி பட்டிக்கு வந்ததும் அவருடைய கை முதலில் போவது முதுகு அகன்று, மயிர் பளபளத்து, தொடை திரண்டு நிற்கும் குட்டியின் மேல்தான். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முன்னால் விலை ஏறும்போது அந்தக் குட்டிகள் வண்டியேறிவிடுகின்றன. விலை படியாமல் பட்டியில் தங்கியவை ஓராண்டு கழித்துக் கிடாவோடு சேர்ந்து தாயாகின்றன. இப்படிச் சில தலைமுறைகள் கழிந்தபின், முன்புபோல ஆடு எடை வரவில்லை, இனம் கெட்டுப்போயிற்று என்று குறைப்படுவதில் பயனில்லை. தேர்வு ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, ஆனால் தலைகீழாக. எனவே, மந்தைக்கு வேண்டிய குட்டிகளை முதலில் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே வியாபாரியைப் பட்டிக்குள் விட வேண்டும்.

தேர்ந்தெடுத்து வைப்பவர்களும் பெரும்பாலும் செய்வது, பட்டியிலேயே பெரிய குட்டியை வைத்துக்கொள்வதாகும். இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. மூன்று மாத வயதில் பெரிதாக நிற்கும் குட்டி பல நேரங்களில் ஒற்றைக்குட்டியாக இருக்கும். தாயின் பால் முழுவதையும் தான் ஒன்றே குடித்து வளர்ந்த குட்டி, பாலைப் பங்கிட்டுக் குடித்த இரட்டைக்குட்டியைவிட எடை கூடி நிற்பதில் வியப்பில்லை. அப்படிப்பட்டவற்றையே ஆண்டுதோறும் வைத்துக்கொண்டு வந்தால், ஒற்றைக்குட்டி ஈனும் தாய்களின் மகள்களே மந்தையில் பெருகும். இரட்டை ஈனுவதற்குப் பேர்போன கன்னி ஆட்டில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவதன் சாரமும் இதுதான்: குட்டியைப் பார்ப்பதற்கு முன் அதன் தாயைப் பார்க்க வேண்டும், தாயைப் பார்ப்பதற்கு அதன் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

எத்தனை குட்டிகள் தேவைப்படும்

முப்பது தாய் ஆடுகள் உள்ள மந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயதானவை, மடி கெட்டவை, சினை நிற்காதவை என்று ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பது நல்ல வழக்கம். அப்படியானால் ஆண்டுக்கு 6 புதிய தாய்கள் தேவை. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். குட்டி ஈன்ற மூன்று மாதத்துக்குள் மீண்டும் சினை நின்றுவிட்டால், எட்டு மாதத்துக்கு ஓர் ஈற்று என்ற கணக்கில் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்றுகள் கிடைக்கும். ஆக முப்பது ஆடுகளிடமிருந்து ஆண்டுக்கு 45 ஈற்றுகள்; ஈற்றுக்குச் சராசரி 1.6 குட்டி என்று வைத்துக்கொண்டால் 72 குட்டிகள். அவற்றில் பாதி, 36 பெட்டைகள். இறப்பு போக முப்பது நிற்கும் என்று கொள்வோம். முப்பதில் ஆறு என்பது தேர்வுக்குத் தாராளமான இடம் தரும் கணக்கு.

ஆனால் மூன்று மாத வயதிலேயே ஆறை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்ற இருபத்து நான்கையும் விற்றுவிடக் கூடாது. தேர்வு ஒரே நாளில் முடிகிற வேலையன்று. பால்குடி மறக்கும்போது 12 குட்டிகளை ஒதுக்கி, மழைக்காலம் கடந்தபின் அதை 9 ஆகக் குறைத்து, கிடா சேர்க்கும் வேளையில் 7 அல்லது 8ஐ நிறுத்தி, முதல் ஈற்றின் முடிவில் ஆறு தாய்களாக முடிப்பதே சரியான முறை. ஒவ்வொரு கட்டத்திலும் குட்டி நமக்குக் காட்டுவது வேறு வேறு குணம். முதல் கட்டத்தில் தெரிவது தாயின் பால். இரண்டாவதில் குட்டியின் சொந்தத் தாங்குதிறன். மூன்றாவதில் பருவத்துக்கு வரும் திறன்.

நான்கைந்து ஆடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 2011ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் என்ற அளவில் ஆடு பெற்றுப் பெருக்கியவர்கள் பலர் இன்றும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு குட்டியைத் தேர்வது என்றால் தேர்வுக்கே இடமில்லாமல் போகிறது. அத்தகையவர்கள் பக்கத்து வீட்டு மந்தைகளோடு சேர்ந்து பொதுக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு, நல்ல தாயின் பெட்டைக்குட்டியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்த வழி.

தாயின் கணக்கு

ஒரு நாற்பது பக்க நோட்டும், காதில் எண் போட்ட வில்லையும் போதும். குட்டி பிறந்த அன்று அதன் எண், ஆணா பெட்டையா, ஒற்றையா இரட்டையா, தாயின் எண், எந்தக் கிடாவின் குட்டி, பிறப்பு எடை ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரே இரவில் மூன்று ஆடுகள் ஈனும் காலங்களில் எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்பதே குழம்பிப் போகும்.

இந்த நோட்டில் இரண்டு தாய்களின் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அதன் பயன் விளங்கும். நான்காம் எண் ஆடு: நான்கு ஈற்று, எட்டுக் குட்டி, பால்குடி மறக்கும்வரை உயிரோடு நின்றவை ஐந்து. பதினொன்றாம் எண் ஆடு: நான்கு ஈற்று, ஏழு குட்டி, நின்றவை ஏழும். கேட்பவர் எவருக்கும் ஒவ்வோர் ஈற்றிலும் இரட்டை போட்ட நான்காம் எண்தான் சிறந்த ஆடாகத் தோன்றும். ஆனால் மந்தைக்குச் சோறு போடுவது பதினொன்றாம் எண். பிறந்த குட்டிகளை எண்ணாமல் வளர்ந்த குட்டிகளை எண்ண வேண்டும் என்பதை இந்த இரு பக்கங்களைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. பதினொன்றாம் எண்ணின் மகளைத்தான் நாம் தேடுகிறோம்.

இரட்டை ஈனும் குணம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் அளவு மிகக் குறைவு. வளர்ச்சி வேகம் இறங்கும் அளவு அதைவிடக் கூடுதல். எனவே ஒரு முறை இரட்டை ஈன்றது என்பதை மட்டும் வைத்து ஓர் ஆட்டை உயர்த்திவிட வேண்டியதில்லை. தீவனம், பருவமழை, கிடா சேர்ந்த நேரத்தில் ஆட்டின் உடல்நிலை என எத்தனையோ காரணங்கள் அதன் பின்னால் இருக்கும். மூன்று, நான்கு ஈற்றுகளைத் தொடர்ந்து பார்த்து, அதே நிலத்தில் அதே மேய்ச்சலில் நின்ற மற்ற ஆடுகளைவிட ஓர் ஆடு விடாமல் மேலாக இருந்தால் மட்டுமே அதை அந்த ஆட்டின் குணம் என்று நம்பலாம். முதல் ஈற்றில் பெரும்பாலான ஆடுகள் ஒற்றைக்குட்டிதான் போடும் என்பதால் அதைக் குறையாக எழுத வேண்டாம்.

கணக்கில் தவறாமல் குறிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. குட்டியை நக்கித் துடைத்து, உடனே மடிக்கு விட்டதா? இரண்டு குட்டிகளில் ஒன்றை முட்டித் தள்ளியதா? ஈனுவதற்கு ஆள் கைகொடுக்க வேண்டியிருந்ததா? மடி வீங்கிக் கல்லானதா? சீம்பாலைப் புட்டியில் கறந்து ஊட்ட வேண்டியிருந்த தாயின் மகளை வைத்துக்கொள்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். சினையின் பிற்பகுதியில் குட்டி வீசிய (கருச்சிதைந்த) ஆடாக இருந்தால், கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்து முடிவு தெரியும்வரை அதன் மகளைத் தேர்வுப் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது. குட்டி வீசுவதற்குக் காரணமாகக்கூடிய புரூசெல்லா தொற்று மனிதருக்கும் பரவுவது. வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுவதும் ஆபத்து.

எடையை நேர்மையாக ஒப்பிடுவது

பால்குடி மறக்கும் வயது 90 நாட்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த நாளில் எல்லாக் குட்டிகளையும் எடை பார்ப்பது உத்தமம். சாக்கில் துளையிட்டுக் கால்களை வெளியே விட்டுத் தொங்கு தராசில் மாட்டினால் குட்டி துள்ளாமல் நிற்கும். நடைமுறையில் எல்லாக் குட்டிகளும் ஒரே நாளில் பிறப்பதில்லை என்பதால், எடை பார்க்கும் அன்று ஒன்று 80 நாள் குட்டியாகவும் மற்றொன்று 102 நாள் குட்டியாகவும் இருக்கும். அப்போது எடையிலிருந்து பிறப்பு எடையைக் கழித்து, வயது நாட்களால் வகுத்து, 90ஆல் பெருக்கி, பிறப்பு எடையைத் திரும்பக் கூட்டினால் எல்லாக் குட்டிகளும் ஒரே வயதுக்கு வந்துவிடும். 102 நாள் குட்டி ஒன்று 9.6 கிலோ நிற்கிறது, பிறப்பு எடை 1.8 கிலோ என்றால், அது வளர்ந்தது 7.8 கிலோ, நாளொன்றுக்கு ஏறக்குறைய 76 கிராம், 90 நாளுக்குக் கணக்கிட்டால் அதன் எடை 8.7 கிலோ. கைப்பேசியிலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

அதற்குப் பின்னும் ஒற்றையை ஒற்றையோடும், இரட்டையை இரட்டையோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒற்றைக்குட்டி ஒன்று 9 கிலோ, இரட்டைக்குட்டிகள் ஒவ்வொன்றும் 8.1 கிலோ என்றால், கண்ணுக்குப் பெரியது ஒற்றை. ஆனால் இரட்டை ஈன்ற தாய் அதே மூன்று மாதத்தில் 16.2 கிலோ குட்டியை நமக்குத் தந்திருக்கிறது. இரட்டையில் பிறந்தும் 8 கிலோவைத் தாண்டிய பெட்டைக்குட்டி, தாயின் பாலுக்கும் தன் பசிக்கும் ஒருங்கே சான்று. முதல் ஈற்றுக் குட்டிகளும் கோடை வறட்சியில் பிறந்த குட்டிகளும் சற்றுச் சிறுத்தே இருக்கும். அவற்றை மழைக்காலப் பசுமையில் வளர்ந்த, மூன்றாம் ஈற்றுக் குட்டிகளோடு நிறுத்தி ஒப்பிடுவது முறையன்று. ஒரே பருவத்தில் பிறந்தவற்றை ஒரு கூட்டமாக வைத்து, அந்தக் கூட்டத்துக்குள் யார் மேல், யார் கீழ் என்று வரிசைப்படுத்துவதே போதுமானது. வரிசையின் கீழ்ப்பாதியை இந்தக் கட்டத்திலேயே தயங்காமல் விற்கலாம்.

மூன்று மாதம் முடிந்ததும் கிடாக்குட்டிகளைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். நான்கு மாதக் கிடாக்குட்டியே சினைப்படுத்தக்கூடியது. விளையாட்டாகத் தோன்றும் அந்தத் தாவலில் ஐந்தாறு மாதப் பெட்டை சினையாகிவிட்டால், அதன் வளர்ச்சி அத்தோடு நின்றுபோகும். தேர்ந்தெடுத்த பாடெல்லாம் வீண்.

கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

கணக்கில் தேறிய குட்டியைத்தான் உடற்கூறு பார்க்க அழைத்துவர வேண்டும். வரிசை மாறக் கூடாது. முதலில் தூரத்தில் நின்று, சமதரையில் அது நடப்பதைப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து நோக்கினால் இரண்டு பின்னங்கால்களும் இடுப்பிலிருந்து நேராக இறங்க வேண்டும். முட்டிகள் ஒன்றையொன்று உரசுமாறு உள்வாங்கியிருந்தால், நாள்முழுதும் காட்டில் நடந்து மேய வேண்டிய ஆட்டுக்கு அது நாளடைவில் நோவாகும். மடி பெருக்கும் காலத்தில் மடிக்கும் இடைஞ்சல். குளம்புக்கு மேலுள்ள கணுப்பகுதி தரையை நோக்கித் தொய்ந்திராமல் விறைப்பாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது நீண்ட உடம்பும், ஆழமான விலாவும், நேரான முதுகும் தெரிய வேண்டும். முன்னங்கால்களுக்கு இடையே நெஞ்சு அகன்றிருக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே துளையிலிருந்து புறப்பட்டாற்போல ஒட்டியிருந்தால் நெஞ்சில் இடமில்லை என்று பொருள்.

இடுப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். வாலுக்கு இருபுறமும் துருத்தியிருக்கும் எலும்புகளின் மேல் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து, ஒரே வயதுக் குட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அளந்து பார்த்தால் அகலத்தின் வேறுபாடு விரல்களிலேயே தெரிந்துவிடும். குறுகி, வாலை நோக்கிச் செங்குத்தாகச் சரியும் இடுப்புள்ள பெட்டை ஈனும்போது சிரமப்படும். இடுப்புக் குறுகிய குட்டியை, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், நான் ஒதுக்கிவிடவே சொல்வேன். இரவு இரண்டு மணிக்கு மருத்துவரைத் தேடி ஓடும் செலவை எந்த எடைக் கணக்கும் ஈடுசெய்யாது.

வாயைப் பார்க்கும்போது உதடுகளை விலக்கி, கீழ்த்தாடையின் முன்பற்கள் மேல்தாடையின் ஈறுத்தட்டின் விளிம்பில் சரியாகப் பதிகின்றனவா என்று கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெள்ளாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லும் மேல் ஈறும் சேர்ந்துதான் இலையைக் கவ்வி அறுக்கின்றன. கீழ்த்தாடை உள்வாங்கிக் கிளிமூக்குப்போல் மேலுதடு நீண்டிருந்தாலும், கீழ்த்தாடை முன்தள்ளிப் பற்கள் வெளியே தெரிந்தாலும், முள்ளுக்கு நடுவே உடைமரத் துளிரைக் கொய்து தின்ன வேண்டிய ஆட்டுக்கு அது வாழ்நாள் குறை, குட்டிகளுக்கும் இறங்கும்.

மடியைப் பொறுத்தவரை, குட்டியிடம் பார்ப்பதற்கு அதிகமில்லை, ஆனால் பார்க்கத் தவறக் கூடாத ஒன்று உண்டு. குட்டியை நம் மடியில் உட்கார்த்தி, பின்தொடைகளை விரித்து, இடுக்கு மயிரை விரலால் ஒதுக்கினால் காம்புகள் தெரியும். இரண்டே காம்புகள், ஒரே அளவில், இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் ஒரே முனையோடு இருக்க வேண்டும். அடியில் பருப்போல ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்றாம் காம்பு, மீன்வால்போல முனை பிளந்த காம்பு, ஒரே காம்பில் இரண்டு துளை ஆகியவை கண்ணில் பட்டால் அந்தக் குட்டியைத் தாயாக வைத்துக்கொள்ள வேண்டாம். பிறந்த குட்டி பால் வராத முனையைச் சப்பிக்கொண்டே சோர்ந்து போவதும், பால் தேங்கி மடி வீங்குவதும் இத்தகைய காம்புகளால்தான். மடி வளர்ந்தபின் எப்படியிருக்கும் என்பதற்குக் குட்டியிடம் விடையில்லை. தாயின் மடியையும், மூத்த அக்காள் ஆடுகளின் மடியையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாம் ஈற்றிலும் முழங்காலுக்கு மேலேயே நின்று, இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் மடி நல்ல மடி. தரையைத் தொட்டுத் தொங்கும் மடியில் பால் எவ்வளவு இருந்தாலும் முள்ளும் கல்லும் அதைக் கிழித்துவிடும்.

வாலைத் தூக்கிப் பிறப்புறுப்பையும் பார்த்துவிட வேண்டும். அதன் கீழ்முனையில் பட்டாணியளவு தடித்த முடிச்சு துருத்திக்கொண்டிருந்தாலோ, உறுப்பு வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்திருந்தாலோ அது ஆணும் பெண்ணும் கலந்த மலட்டுப் பிறப்பாக இருக்கலாம். சானென் போன்ற ஐரோப்பியக் கறவை இனங்களில் இந்தக் குறை, பிறவியிலேயே கொம்பில்லாத தன்மையோடு பிணைந்து வருகிறது. பெற்றோர் இருவருமே கொம்பில்லாதவர்களாக இருக்கும்போதுதான் இத்தகைய குட்டி பிறக்க வாய்ப்பு. நம் கன்னி, கொடி இனக் கிடாக்கள் கொம்புள்ளவை என்பதால் இது இங்கே அரிது. வெளியினக் கலப்பு செய்பவர்கள் மட்டும், கொம்பில்லாத பெட்டைக்குக் கொம்புள்ள கிடாவையே சேர்ப்பது நல்லது.

தொப்புளில் குடல் பிதுங்கிய வீக்கம், தாடைக்கடியிலோ தோளுக்கு முன்னோ உருண்டுநிற்கும் கழலைக்கட்டி ஆகியவையும் தள்ளுபடிக்குரியவை. கட்டி உடைந்து சீழ் வந்தால் மந்தை முழுவதும் பரவும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கன்னி ஆட்டுக்குக் கருநிற உடலும், முகத்தின் இருபுறமும் கொம்படியிலிருந்து மூக்குவரை இறங்கும் கோடும் இனத்தின் அடையாளம்; அந்தக் கோடு வெளுத்திருந்தால் பால்கன்னி, செம்மையாக இருந்தால் செங்கன்னி. கொடி ஆட்டில் வெள்ளையில் கரும்புள்ளி உள்ளதைக் கரும்போரை, செம்புள்ளி உள்ளதைச் செம்போரை என்று பிரிப்பர். சேலம் கருப்புக்கு உடல் முழுதும் கருமை. தூய இனமாக விற்கும் மந்தைக்கு இவை முக்கியம். இறைச்சிக்கு வளர்ப்பவர், கோடு ஒரு பக்கம் அறுந்திருக்கிறது என்பதற்காகப் பதினொன்றாம் எண் போன்ற தாயின் மகளை விற்றுவிடுவது அறிவுடைமையாகாது.

மழைக்காலம் வைக்கும் தேர்வு

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமாகிப் புல் தளிர்க்கும்போது இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுக்களும் பெருகும். அந்தப் பருவத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டையின் கீழிமையையும் விரலால் இழுத்து உட்புறத் தோலைப் பார்த்துவர வேண்டும். சிவந்த இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். வெளிறி வெள்ளையாகிவிட்டால் புழுத்தாக்கம். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால் நிலை முற்றிவிட்டது. வெளிறியவற்றுக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, எந்த எண்ணுக்கு எத்தனை முறை கொடுத்தோம் என்பதை நோட்டில் குறித்துவைக்க வேண்டும். ஒரே காட்டில் மேய்ந்து, ஒரு முறைகூட மருந்து கேட்காமல் எடை ஏறிய குட்டியும், மூன்று முறை மருந்து வாங்கியும் தேறாத குட்டியும் ஒரே மந்தையில் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றிவிடும் பழக்கம் இந்த வேறுபாட்டை மூடிமறைத்துவிடுகிறது. மருந்துக்கு மடியாத புழுக்களையும் பெருக்குகிறது. மந்தைக்கு நெடுங்காலம் நன்மை தரும் தேர்வு இதுதான் என்பது என் துணிபு.

தடுப்பூசி இந்தத் தேர்வுக்கு விலக்கு. ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று நான்கு மாத வயதில் போடும் ஊசியையும், மழைக்கு முன் துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் போடும் ஊசியையும் எல்லாக் குட்டிகளுக்கும் தவறாமல் போட வேண்டும். தாங்குதிறனைச் சோதிக்கிறேன் என்று ஊசியைத் தவிர்ப்பது மந்தையைத் தூக்கிக்கொடுப்பதாகும்.

தேர்ந்தெடுத்த பெட்டைகளுக்குத் தீவனம் அளவாக இருக்க வேண்டும். மேய்ச்சலோடு அகத்தி, வேலிமசால் போன்ற பயறுவகைப் பசுந்தழையும், நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் அடர்தீவனமும், நக்கிக்கொள்ளத் தாது உப்புக் கட்டியும் போதும். விற்பனைக் கிடாபோலக் கொழுக்க வைத்தால் கொழுப்பு மடியில் சேர்ந்து பால் தரும் திசு வளர்வதைக் கெடுக்கும். சினை பிடிப்பதும் தள்ளிப்போகும்.

கிடா சேர்ப்பதற்கு முன்

கிடா சேர்க்கும் நாளை வயது மட்டும் முடிவு செய்வதில்லை. பத்து முதல் பன்னிரண்டு மாத வயதும், மந்தையின் வளர்ந்த தாய்களது எடையில் மூன்றில் இரண்டு பங்கும் சேர்ந்து வர வேண்டும். தாய்கள் சராசரி 30 கிலோ என்றால் பெட்டை 20 கிலோவைத் தொட்டிருக்க வேண்டும். பிறந்த தேதி தெரியாத ஆடாக இருந்தால் பல்லைப் பார்த்துக்கொள்ளலாம்: எல்லாம் பால்பல்லாக இருந்தால் ஓராண்டுக்குக் குறைவு, நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஓராண்டைத் தாண்டியது. பருவம் 18 முதல் 24 நாளுக்கு ஒருமுறை சுழலும். கத்துவது, வாலை விடாமல் ஆட்டுவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, கிடாவின் அருகே போய் நிற்பது ஆகியவை அறிகுறிகள். உரிய எடை வந்தும் பதினான்கு மாதம்வரை பருவமே காட்டாத பெட்டையை அதற்குமேல் வைத்துக் காத்திருப்பதில் பொருளில்லை.

முதல் சினைக்கு எலும்பு பருத்த கலப்பினக் கிடாவைச் சேர்க்காமல், அதே இனத்தின் நடுத்தரக் கிடாவைச் சேர்ப்பது ஈனும் சிரமத்தைக் குறைக்கும். கிடா யார் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொலிகிடாவை மாற்றுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது காலம் கடந்த அறிவுரை. கிடா மந்தைக்கு வந்த ஐந்தாம் மாதம் அதன் முதல் மகள் பிறக்கிறது; அந்த மகள் பத்து, பன்னிரண்டு மாதத்தில் கிடா சேர்க்கும் வயதுக்கு வருகிறது. ஆக, கிடா வந்த பதினைந்தாம் மாதத்திலிருந்தே தந்தையும் மகளும் ஒரே பட்டியில் நிற்கிறார்கள். எனவே சொந்த மந்தையிலிருந்தே பெட்டைகளை எடுப்பவர்கள், பதினைந்து மாதத்துக்குள் கிடாவை மாற்ற வேண்டும், அல்லது மகள்களைத் தனிப்பட்டியில் அடைத்து வேறு கிடாவிடம் விட வேண்டும். நெருங்கிய உறவில் சேர்த்தால் முதலில் அடிபடுவது குட்டிகளின் உயிர்ப்பிழைப்பும் சினைபிடிப்பும்தான். நிறமும் கோடும் அழகாகவே இருக்கும் என்பதால் அது கண்ணுக்குத் தெரிவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

வெளியிலிருந்து வாங்க நேர்ந்தால்

எட்டயபுரம், மேலப்பாளையம் போன்ற பெரிய சந்தைகள் கறிக்கு விற்கவும் கிடா வாங்கவும் ஏற்ற இடங்கள். தாயாக வளர்க்கும் பெட்டைக்குட்டியை அங்கே வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. சந்தைக்கு வரும் பெட்டையின் தாய் தெரியாது. நல்ல பெட்டையை விவரம் தெரிந்தவர் ஏன் சந்தைக்கு ஓட்டிவருகிறார் என்ற கேள்விக்கும் விடை கிடைக்காது. பல மந்தைகளின் ஆடுகள் உரசி நிற்கும் இடம் என்பதால் நோய் ஒட்டும் வாய்ப்பும் அதிகம். கணக்கு வைத்திருக்கும் வளர்ப்பாளரின் பட்டிக்கே நேரில் போய், தாயையும் முடிந்தால் தந்தையையும் பார்த்து, மழைக்காலம் கடந்த ஆறேழு மாதக் குட்டியை வாங்குவது சிறந்தது. சந்தை விலையைவிடச் சற்றுக் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. வாங்கிவந்த குட்டியைக் குறைந்தது மூன்று வாரம் தனியே அடைத்து, சளி, கழிச்சல், வாய்ப்புண் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, புழுமருந்தும் தடுப்பூசியும் முடித்த பின்பே மந்தையில் சேர்க்க வேண்டும்.

முதல் ஈற்று

இவ்வளவு வடிகட்டலுக்குப் பிறகும் தேர்வு முடிவது முதல் ஈற்றில்தான். அப்போது குட்டியின் எடையையும் எண்ணிக்கையையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய ஒற்றைக்குட்டி போட்டது குற்றமன்று. பார்க்க வேண்டியது மூன்று: உதவியின்றி ஈன்றதா, குட்டியை ஏற்றுக்கொண்டதா, இரண்டு காம்பிலும் பால் வந்ததா. குட்டியை ஏற்கத் தயங்கினால், தாயையும் குட்டியையும் சிறிய அடைப்பில் இரண்டு மூன்று நாள் ஒன்றாக விட்டுப் பார்க்கலாம். இளந்தாய்களில் பல அதற்குள் பழகிவிடும். அப்படிப் பழகிய ஆட்டுக்கு இரண்டாம் ஈற்றுவரை அவகாசம் தரலாம். ஒரு பக்க மடி கல்லாகிப் பால் நின்றுபோன ஆட்டுக்கும், இடுப்புக் குறுகலால் குட்டியை இழுத்தெடுக்க வேண்டியிருந்த ஆட்டுக்கும் அந்த அவகாசம் வேண்டாம். குட்டி பால்குடி மறந்ததும், உடம்பு தேறியிருக்கும்போதே அவற்றை விற்றுவிட வேண்டும். அவற்றின் பெட்டைக்குட்டியின் எண்ணுக்கு எதிரே, தாய்க்குறை இன்னதென்று அன்றே நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அந்தக் குட்டி பட்டியிலேயே பெரிதாக வந்து நின்றாலும் அதைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.